நாலாவது இதழ்

"ஏழு செகண்ட் நேரத்தை நிறுத்தி உன் நாழிகையன் என்னத்தக் கிழிப்பான்? என் கோட்டையான் கருங்கல்லுடா!"

"அத்தான், நான் சொல்றத முழுசா—"

"கல்லைத் துடைச்சுப் பாலிஷ் போடுவானா?"

"—முழுசாக் கேளுங்க!"

லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்று இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே அக்காள் புருஷனும் மச்சானும் மட்டும். மெக்கானிக் உச்சியில் மோட்டார் அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை அங்குலம் அங்குலமாக இறக்கிக்கொண்டிருந்தார். "கதவைத் தொடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க" என்று ஸ்பீக்கரில் சொல்லியிருந்தார்.

அத்தானுக்கு மூடிய இடம் ஆகாது. வீட்டில் குளியலறைக்குக்கூடத் தாழ் போடமாட்டார். லிஃப்ட் நின்றதுமே வியர்த்துக் கொட்டி, கதவிடுக்கில் விரலை நுழைத்துவிட்டார். மச்சான் சட்டென்று, "நாழிகையன் உங்க கோட்டையானை ஊதித் தள்ளிடுவான்" என்று போட்டான் ஒரு போடு. விரல் வெளியே வந்தது. யாருடைய சித்திரக்கதை வீரன் பெரியவன் என்ற இருபது வருடத்துச் சண்டை அங்கேயே பற்றிக்கொண்டது.

"சரி, உடம்பே கல்லாயிட்டா மூச்சு எப்படி விடுவான்?" மச்சானுக்கு வாய் தவறிவிட்டது.

அத்தானின் கை கழுத்துக்குப் போனது. "மூச்சு..." பார்வை கதவுக்குத் தாவியது.

மச்சான் நாக்கைக் கடித்துக்கொண்டான். தெரிந்தே ஒரு தப்பைத் தூக்கி வீசினான். "அது கெடக்கட்டும். மூணாவது இதழ்ல அணைக்கட்டுச் சண்டையில தோத்துட்டு உங்க ஆளு அழுதானே!"

"நாலாவது இதழ்!" கை இறங்கியது. "அழவும் இல்ல. முகத்துல மழைத்தண்ணி."

"கண்ணீர்."

"மழைடா, மக்கு!"

ஸ்பீக்கர் கரகரத்தது. "மழைதான் சார். நானும் படிச்சிருக்கேன்."

"கேட்டுக்கோ!" என்று அத்தான் கத்தும்போது கதவு விலகியது. காவலாளி கை நீட்டினார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்த அத்தான், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டார். சிரிப்பு வந்தது. "முழுசா அரை மணி நேரம் உள்ள இருந்திருக்கேன்டா!"

மச்சானும் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். வந்த நிம்மதியில் மனசு தாராளமாகிவிட்டது.

"போங்க அத்தான், உங்க ஆளுதான் ஜெயிப்பான். ஒத்துக்கறேன்."

அத்தானின் சிரிப்பு நின்றது.

"நீ பாட்டுக்கு ஒத்துக்கிட்டா, ஞாயித்துக்கிழமை வந்து என்னத்தடா பேசுவ?"