நேரில் பார்வையிடப்பட்டது

சரிவுத்தெருவின் கடைசி வீட்டுக் கதவை அளவையாளர் மூன்றாம் முறையாகத் தட்டினார். மழைக்காலத்துக்கு முன்னால் மலையோர வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, மண் சரியும் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட்டு, வாசல் சுவரில் பெயிண்டால் குறி போடுவது அவர் வேலை. சிவப்பு வீட்டுக்காரர்களை மழை வலுத்ததும் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். பச்சை என்றால் காலை நீட்டிப் படுக்கலாம். பத்தொன்பது வருஷத்தில் அவர் போட்ட குறி ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. அந்தக் கர்வம் நடையிலேயே தெரியும்.

அது அவருடைய அக்கா வீடு. பேச்சு நின்று ஆறு வருஷம். ஜன்னல் ஒரு சாண் திறந்தது.

"அப்பா சாவுக்கு வராதவன் செவுரு பாக்க வந்துட்டியா? போடா, எதையாவது எழுதிக்கிட்டுப் போ."

ஜன்னல் படாரென்று மூடியது. கூட வந்த பெண் ஊழியர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்ததை அவர் பார்த்துவிட்டார். காதெல்லாம் எரிந்தது.

சந்தில் நின்று பார்த்தாலே போதும். பின்பக்கத் தாங்குசுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அதன் அடியில் கலங்கல் தண்ணீர் கசிந்தது. உள்ளே அத்தான் இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. படிவத்தின் ஆறு கேள்விகளில் ஐந்துக்கு இந்த வீடு சிவப்பு. ஆனால் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கதவு திறக்காத வீட்டுக்குப் பக்கத்து வீட்டின் குறியையே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்து வீடு பாறைமேல் உட்கார்ந்திருந்தது.

"உள்ள ஆள் இருக்காங்களே சார்?"

"கதவத் திறந்தாங்களா?"

பச்சை அடித்தார். 'நேரில் பார்வையிடப்பட்டது' என்ற இடத்தில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். அவளாகக் கூப்பிட்டுக் கெஞ்சட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவள் கூப்பிடவில்லை. பட்டியல் மேலே போய்விட்டது.

மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் மத்தியானம் கட்டுப்பாட்டு அறையில் அதிகாரி அவர் தோளைத் தட்டி, "இவரு லிஸ்ட் இருக்குற வரைக்கும் எனக்குக் கவலையே இல்ல" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். வயர்லெஸ்ஸில் ஓட்டுநர் வந்தார்.

"சார், செவப்பு வீடெல்லாம் முடிஞ்சிது. பதிமூணு சீட்டு காலியா இருக்கு. தெருவுல இன்னும் யாரையாவது ஏத்தணுமா?"

அளவையாளர் பதில் சொல்ல வாயெடுத்தபோது அவர் கைப்பேசி அடித்தது.

"டேய் தம்பி..." ஆறு வருஷத்துக்குப் பிறகும் அதே கூப்பிடல். "எதிர் வீடெல்லாம் கெளம்பிட்டாங்கடா. நானும் பெட்டி கட்டி வச்சிட்டேன். பின்னாடி செவுத்துல என்னமோ நெறுநெறுன்னு சத்தம் கேக்குது. உங்க அத்தான்தான், உன் தம்பி கோவக்காரன், ஆனா வேலையில பொய் எழுத மாட்டான்னு சொல்லிட்டே இருக்காரு. அவரத் தூக்கிட்டு எறங்குறதும் லேசுப்பட்டதா? பச்சைதானேடா போட்டிருக்க? இருக்கலாமில்ல?"

அதிகாரி சிரித்த முகத்தோடு பக்கத்திலேயே நின்றார். இறங்கு என்ற ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும், படிவம் மேஜைக்கு வரும், பத்தொன்பது வருஷமும் ஒரு நொடியில் சந்தி சிரிக்கும். சுவர் இன்னும் ஒருநாள் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தாங்காது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையில் யாருமில்லை.

"நான் பாத்துத்தான்க்கா போட்டேன்."

"அது போதும்டா."

அவள் போனை அணைக்காமலே எங்கோ வைத்துவிட்டாள். அவர் வயர்லெஸ்ஸை எடுத்து, "யாரும் இல்ல, கீழ வந்துடு" என்றார். இன்னொரு காதில் பெட்டியின் கொக்கிகள் டக் டக்கென்று திறந்தன. அக்கா துணிகளை ஒவ்வொன்றாக உதறி அலமாரியில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். நடுவில், "மழை விடட்டும், அவன ஒருநாள் சாப்பிடக் கூப்பிடணுங்க" என்று அத்தானிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது.