மெழுகுக்குள் பதிந்த கால்கள்

கோடை விடுமுறையில் ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் டெல்மாண்ட் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்க்கும் நதாலியா ஃபுர்டாடோ வைத்ததுதான் சட்டம். பிள்ளைகள் கிடையாது, மணிச் சத்தம் கிடையாது. பழைய மெழுகை உரித்து, மொசைக் தரையைக் கழுவி, புது மெழுகைப் பூச்சுமேல் பூச்சாகப் போட்டு, மெஷின் ஓட்டிப் பளபளவென்று ஆக்கி வைப்பார்கள் அவளும் கூட வேலை பார்க்கும் கில்பெர்டோவும். அமெரிக்காவின் ஃபால் ரிவர் ஊரில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அந்த மாதம் இதே கூத்துதான். ஈர மெழுகில் எவரும் கால் வைக்கக் கூடாது. மேயர் வந்தாலும் சரி, பாதிரியார் வந்தாலும் சரி, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

போடுகிறவர்களுக்கும் அதே சட்டம்தான். ஒரு தடவை கில்பெர்டோ ஏதோ யோசனையில் பின்பக்கமாகவே மாப்பை இழுத்துக்கொண்டு போய், தண்ணீர்க் குழாய் மூலையில் தன்னைத்தானே மாட்டிவிட்டுக்கொண்டான். சுற்றிலும் ஈரம். காய்கிறவரை வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தான் அந்த மகராசன். நதாலியாதான் மசாலா இறைச்சியான சோரிசோ வைத்த ரொட்டியைத் தூரத்திலிருந்து வீசினாள்.

"டேய், உன் பொண்டாட்டிக்குப் போன் போட்டுச் சொல்லவா? இன்னைக்கு உனக்கு இங்கதான் குடித்தனம்னு?"

"வாயை மூடிட்டு இன்னொண்ணு வீசுக்கா. பசிக்குது."

கடைசிவரை அவன் ஒரு விரலைக்கூட அந்த ஈரத்தில் வைக்கவில்லை.

தலைமையாசிரியர் ஹாலரனுக்கு இதெல்லாம் எங்கே புரிகிறது. போன ஆகஸ்டில் மெழுகு சரியாகக் காயும் முன்னாலேயே, "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று மேசை நாற்காலிகளை இழுத்து வரச் சொன்னவர் அவர்தான். நதாலியா தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்னாள். கேட்கவில்லை. பள்ளி திறந்து கொஞ்ச நாளிலேயே தரை செதில் செதிலாய்ப் பெயர்ந்தது. மாவட்டக் கல்வி அதிகாரி பெவர்லி வந்து பார்த்தபோது, அத்தனை ஆசிரியர்களும் நிற்க, மனுஷன் கூசாமல் சொன்னார்: "நதாலியாவோட வேலை அப்படி. அவங்களுக்கு முன்ன மாதிரி முடியல."

முடியலயாம்! அவள் வாயைத் திறப்பதற்குள் பெவர்லி அடுத்த வகுப்பறைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு வாய் அடைத்து நின்றதுதான் நதாலியாவுக்கு வருஷம் முழுக்க ஆறவில்லை. இந்த வருஷம் மேலிடத்திலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். தரை மறுபடி கெட்டால் அந்த வேலை வெளிக் கம்பெனிக்குப் போகும், இவர்கள் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதனால் இந்தத் தடவை இருவரும் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். பெரிய நடைக்கூடத்துக்கு நடுப் பூச்சு போட்டு முடித்த மத்தியானம், புழுக்கம் வேறு, மெழுகு காய்வேனா என்று கிடந்தது. வாசலில் மஞ்சள் கயிறு கட்டி, நதாலியா காவலுக்கு நின்றாள். ஹாலரன் வந்தார். கூடத்தின் அந்தக் கோடியில் இருந்த அவருடைய அறையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"சார், ஈரம். சமையல்கட்டு வழியா சுத்திப் போங்க."

"போன் அடிக்குது நதாலியா."

"அடிக்கட்டும். வேணும்னா மறுபடி கூப்பிடுவாங்க."

"ஓரமாப் போயிடறேன்."

"ஓரமும் ஈரம்தான் சார்."

அவர் சிரித்தார். சின்னப் பிள்ளையிடம் சிரிப்பது மாதிரி. கயிற்றைத் தாண்டிக் கால் வைத்தார். சப்பு சப்பென்று நடந்து கூடத்தைக் கடந்து அறைக்குள் போனார். அவர் போவதற்குள் போன் நின்றுவிட்டது.

கில்பெர்டோ மாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். ஈரமாய் இருக்கும்போதே ஒரு இழுப்பு இழுத்தால் போதும், தடம் இருந்த இடம் தெரியாது. நதாலியா மாப்புக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. இருக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? யாருக்குத் திட்டு விழும்னு தெரியாதா?"

"தொடச்சா மட்டும் விழாதா? போன வருஷம் எல்லாத்தையும் தொடச்சோம், பெருக்கினோம். என்ன கிடைச்சுது?"

"உனக்கென்ன அக்கா, பிள்ளைங்க வளந்து நிக்குது. என் பொண்டாட்டி லுர்தெஸுக்கு இது எட்டாம் மாசம். வேலை போச்சுன்னா நான் எங்க போவேன்?"

நதாலியாவுக்குச் சுருக்கென்றது. நியாயம்தானே. தன் ரோஷத்துக்கு இவன் பிழைப்பைப் பணயம் வைக்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? கம்பை விட்டுவிட்டாள். "சரிடா. உன் இஷ்டம். தொடச்சுடு."

கில்பெர்டோ துடைக்கவில்லை. அந்தத் தடங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒவ்வொன்றும் குதிகால் முதல் நுனிவரை அச்சடித்த மாதிரி விழுந்திருந்தது. "ஒரு போனுக்காக," என்றான். அவனுக்கும் கோபம் வந்துவிட்டது, முகமெல்லாம் சிவந்துபோனது. பூச்சு காய்ந்ததும் அடுத்த பூச்சைத் தடங்களின் மேல் அவனே போட்டான். அதற்கடுத்ததையும் அவனே போட்டான். கண்ணாடிக்கு அடியில் வைத்த மாதிரி அத்தனை காலடியும் பத்திரமாக உள்ளே உட்கார்ந்துகொண்டன.

ஹாலரன் அதைப் பார்த்தபோது மெஷின்கூட ஓட்டியாகிவிட்டது.

"என்ன இது? திறக்கிறதுக்குள்ள இதை எடுத்தாகணும்."

"எடுக்கிறோம் சார். நீங்க மிதிச்சதாலதான் எடுக்கிறோம்னு பெவர்லி மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"மிரட்டுறியா? வேலை போயிடும், பாத்துக்கோ."

"போனாப் போகுது. செய்யாத தப்புக்கு இன்னொரு தடவை என்னால தலை குனிய முடியாது."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். ஆனால் கில்பெர்டோ பக்கம் திரும்பிப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஹாலரன் பெவர்லியிடம் சொல்லவில்லை; தடங்களை அவர்களும் எடுக்கவில்லை.

பள்ளி திறந்த அன்று காலையில் பெவர்லி வந்தாள். ஆசிரியர்கள் எல்லாம் கூடத்தில் கூடியிருந்தார்கள். தரை பளிங்கு மாதிரி மின்னியது, அதன் நடுவில் வாசலிலிருந்து ஹாலரனின் அறைவரை ஒரு ஜோடி ஷூ நடந்து போயிருந்தது. ரெண்டு ஆசிரியைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இது என்ன?" என்றாள் பெவர்லி.

"அதான் சொன்னேனே மேடம்," என்று ஹாலரன் முந்திக்கொண்டார். "போன வருஷம் மாதிரியே. கவனம் இல்லாத வேலை."

நதாலியா ஆசிரியர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இந்தத் தடவை அவள் காத்திருக்கவில்லை.

"மேடம், நில்லுங்க. அடுத்த ரூமுக்குப் போகாதீங்க. சார், உங்க காலை இதுல வைங்க."

"என்ன பேசுற நீ?"

"வைங்க சார். பொருந்தலைன்னா நான் இப்பவே சாவியைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போறேன்."

"நானும் கொடுத்துடறேன்," என்றான் பின்னாலிருந்து கில்பெர்டோ.

பெவர்லி தடத்தைப் பார்த்தாள். அது போய் நிற்கும் கதவைப் பார்த்தாள். பிறகு ஹாலரனின் ஷூவைப் பார்த்தாள். "வைங்க," என்றாள்.

வேறு வழியில்லாமல் வைத்தார். நூல் பிசகாமல் பொருந்தியது.

"என்னோடதுதான்," என்றார் ஹாலரன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"போன வருஷம் தரை கெட்டது?" என்றாள் நதாலியா.

அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "அது... மேசையெல்லாம் சீக்கிரம் கொண்டு வரச் சொன்னது நான்தான்."

முணுமுணுப்பாகத்தான் சொன்னார். அதுவே பெரிய விஷயம் என்று வேறு யாராவது விட்டிருப்பார்கள். நதாலியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."