பலவாஸுக்குத் தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர்

1973ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு, ரூபே நகரில் அஷீல் வீட்டுச் சமையலறை மேசைமேல் விரித்திருந்த பிரான்ஸ் வரைபடத்தின் அடி ஓரத்திலிருந்து கடல் ஒழுகத் தொடங்கியது. மணிக்கு ஒரு வாளி. வெளியே பெய்துகொண்டிருந்த மழை ஐஸாக இருந்தது; இது வெதுவெதுப்பாக, உப்புக் கரித்துக்கொண்டு இருந்தது. முதல் வாளியைக் கொண்டுவந்து வைத்தவள் அஷீலின் மனைவி ஜில்பெர்த். கடைசி வாளி வரைக்கும் வைத்தவளும் அவள்தான். அஷீல் தன் பங்குக்கு இரண்டு கால்களையும் நாற்காலியின் குறுக்குக் கட்டைமேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

“அஷீல், மேசை ஒழுகுது.”

“பாத்தேன். அந்த ஸ்கேலை எடு.”

வரைபடம் அஷீலின் அப்பா விட்டுப்போனது. மடிப்பில் கிழிந்துவிடக் கூடாது என்று அவர் அதை ஆலையில் கழித்துப்போட்ட கம்பளித் துணிமேல் ஒட்டி வைத்திருந்தார். ரூபேயில் எல்லாமே கம்பளிதான். ஊரில் பாதிப் பேர் கம்பளி ஆலைகளுக்குள் இருப்பார்கள், மீதிப் பேர் அந்த ஆலைகளுக்கு எதிரே உள்ள பீர்க்கடைகளில் இருப்பார்கள். ஆகஸ்டில் ஆலைகளை இழுத்து மூடினால் ஊரே காரில் ஏறித் தெற்குக் கடலுக்குப் போகும். முதல் தேதி, காலை நான்கு மணிக்கு. நெரிசலைத் தவிர்க்க நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பது ஒவ்வொரு வீட்டுக்காரனும் தானாகக் கண்டுபிடித்த ரகசியம். ஆகவே நெரிசல் சரியாக நான்கு மணிக்குத் தொடங்கும். ஒவ்வொருவனிடமும் வேறெவனுக்கும் தெரியாத ஒரு குறுக்கு வழியும் உண்டு. எல்லோருக்கும் அதே வழிதான். அதைப் பற்றி பிப்ரவரியிலிருந்து ஜூலை வரைக்கும் பீர்க்கடையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்கள்.

அஷீல் திட்டம் போடுவதில் அந்தத் தெருவிலேயே பெரிய கை. ஆறு மாதம் உட்கார்ந்து நோட்டில் நிமிடம் நிமிடமாக எழுதுவான். 4.00 புறப்பாடு. 6.20 சிறுநீர், இடப்பக்கம் மூன்றாவது பாப்லார் மரம். 9.10 அவித்த முட்டை. 13.00 அக்கா வீடு. முட்டையை யார் அவிப்பது, யார் உரிப்பது, உப்பை யார் மறக்காமல் எடுத்து வைப்பது என்பதெல்லாம் நோட்டில் இருக்காது. அந்த வேலைகள் தாமாக நடப்பவை என்று அவன் நாற்பத்தெட்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தான். அக்கா ஜெர்மேன், கணவனை இழந்தவள், பாதி வழியில் மூலேன் ஊருக்குப் பக்கத்தில் இருந்தாள். ரூபேயிலிருந்து அவள் வீட்டு வாசல் வரைக்கும் அஷீலின் சிவப்புக் கோடு அழுத்தமாகப் போகும். அங்கிருந்து பலவாஸ் கடற்கரைக்கு வெறும் புள்ளிகள். ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போவதாகத்தான் ஒவ்வொரு வருடமும் பேச்சு. முதல் வருடம் கூரையில் ஓடு சரிந்திருந்தது. இரண்டாம் வருடம் பீன்ஸ் அமோகமாகக் காய்த்திருந்தது. மூன்றாம் வருடத்திலிருந்து ஓடும் பீன்ஸும். விடுமுறை அங்கேயே முடிந்து, கார் அங்கிருந்தே வடக்கே திரும்பிவிடும். பதினோரு ஆகஸ்டுகளில் ஜில்பெர்த் அந்த வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து நரம்பு கிள்ளிய பீன்ஸை வரிசையாக வைத்தால் கடலுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம் என்று அவர்களுடைய மகள் அன்னிக் கணக்குப் போட்டிருந்தாள். 1962இல் வாங்கிய கருநீல நீச்சலுடை பெட்டிக்கு அடியில் விலைச்சீட்டோடு கிடந்தது. ஜில்பெர்த்துக்கு வயது நாற்பத்தைந்து. கடலை அவள் பார்த்ததே இல்லை.

அன்னிக் பக்கத்து நகரமான லீலில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவிலிருந்து பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் அவள். வாய் கொஞ்சம் நீளம். அந்த ஞாயிற்றுக்கிழமை மேசைப் பக்கமாக வந்தவள் சும்மா போகவில்லை.

“கல்யாணமாகி இருவத்தஞ்சு வருஷம் ஆவுது. இந்த வருஷமாவது அந்தப் புள்ளிய கோடாப் போடேன்பா. பென்சில் தேஞ்சா நான் வாங்கித் தர்றேன்.”

அஷீலுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜெர்மேன் வீட்டிலிருந்து பலவாஸ் வரைக்கும் ஒரே இழுப்பில் இழுத்தான். பென்சில் முனை நீல நிறத்தில் குத்தி நின்றது. அப்போதுதான் ஒழுக ஆரம்பித்தது.

மார்ச் மாதத்தில் தண்ணீர் கணுக்கால் வரைக்கும் வந்தது. புதன்கிழமைகளில் இறால், வெள்ளிக்கிழமைகளில் கை நீள மத்தி மீன். ஜில்பெர்த் காலை ஐந்துக்கு எழுந்து துடைத்துவிட்டு ஆலைக்குப் போய், ஆலையிலிருந்து வந்து துடைத்துவிட்டுச் சமைத்து, சமைத்த இடத்தைத் துடைத்தாள். ஒரு பெண் இருபத்தைந்து வருடம் கடலைக் கேட்டால் கடைசியில் அது சமையலறைக்கு வரும் என்பதையும், வந்தால் அவள்தான் துடைக்க வேண்டும் என்பதையும் அவளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. நகராட்சியிலிருந்து ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் வந்தார். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். கடல்தான், சந்தேகமில்லை என்று எழுதினார். கடலை ஒட்டிய கரை பொதுமக்களுடையது, ஆகவே பாத்திர அலமாரி வரைக்கும் இனி பொது இடம், யாரையும் தடுக்கக் கூடாது என்று இன்னொரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரர்கள் மடக்கு நாற்காலிகளோடு வந்து இறங்கினார்கள். குழந்தைகள் வீட்டிலிருந்தே மணல் கொண்டுவந்தன. எதிர்வீட்டு ஆள் ஒருவர் தண்ணீரில் காலை நீட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு வறுவல் எத்தனை மணிக்கு வரும் என்று ஜில்பெர்த்திடமே கேட்டார். அவள் துடைப்பத்தை அவர் மடியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஈஸ்டர் அன்று அஷீல் முடிவைச் சொன்னான். நல்ல மனநிலையில் இருந்தான். மத்தி மீன் அருமையாக வந்திருந்தது.

“கடல் கடல்னு கேட்டியே, வீட்டுக்கே வந்தாச்சு. இதுக்கு மேல எதுக்கு அவ்ளோ தூரம் வண்டி ஓட்டணும்? இந்த வருஷம் அக்கா வீட்டோட நிறுத்திக்கலாம். பாவம், அவ வீட்ல கூரை ஒழுகுதாம்.”

“இங்க ஒழுகுறது?”

“இது கடல்.”

ரப்பரை எடுத்து அந்த வருடக் கோட்டை அழித்தான். கோடு போனது, ஒழுகல் போகவில்லை. ஜில்பெர்த் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோது அது சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அந்த வீட்டு வழக்கம்.

ஜில்பெர்த் ஆலையில் கடைசிப் பிரிவில் வேலை பார்த்தாள். நெய்த கம்பளியைக் கொதிநீரிலும் சோப்பிலும் போட்டு அடித்து, இழை இழையோடு ஒட்டும்வரை சுருக்குகிற வேலை. ஜூலை முப்பத்தொன்றாம் தேதி ஆலையை மூடியதும் அஷீல் ரகசிய வழியைக் கடைசியாக ஒருமுறை பேசிவிட்டு வர பீர்க்கடைக்குப் போனான். அவள் வீட்டுக்கு வந்து, துணி வேகவைக்கிற அண்டாவை அடுப்பில் ஏற்றி, மேசையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டி உள்ளே போட்டாள்.

“அம்மா! கம்பளிம்மா அது. சுருங்கிரும்.”

“இருவத்தாறு வருஷமா நான் என்னடி வேல பாக்குறேன்?”

“படம் சுருங்குனா ஊர் சுருங்காதும்மா. அளவுதான் மாறும்.”

“கட்டம் போட்ட துணிய சுருக்குனா கட்டம் என்னாவும்?”

“சின்னதாவும்.”

“அப்புறம் என்ன. சோப்பை எடு.”

மூன்று மணி நேரம் வெந்தது. வெளியே எடுத்துக் கட்டையால் அடித்து, குளிர்நீரில் முக்கி, மறுபடி கொதிநீரில் போட்டாள். மாலை ஆறு மணிக்கு அது உள்ளங்கை அளவில், விரல் கனத்தில், குதிரைச் சேணம் போல் கெட்டியாக இருந்தது. நன்றாகச் சுருக்கிய கம்பளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. ஒழுகல் நின்றது. அன்னிக் ஸ்கேல் வைத்து அளந்து, சரியாகப் பத்தில் ஒன்று என்றாள். கணக்கு சரியாக வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் கோபம். பீர்க்கடையிலிருந்து திரும்பிய அஷீல் வரைபடம் எங்கே என்றான். துவைத்தேன் என்றாள் ஜில்பெர்த். மடியில் வைத்துக்கொள்ள இதுதான் வசதி என்றும் சொன்னாள். நோட்டு பத்திரமாக இருந்ததால் அவன் அதற்குமேல் கேட்கவில்லை.

காலை 4.00 மணிக்குப் புறப்பட்டார்கள். ஊரே புறப்பட்டது. சாலையோரக் கிலோமீட்டர் கற்கள் பல்வரிசை மாதிரி நெருங்கி நின்றன. 6.20க்குரிய பாப்லார் மரம் 4.14க்கே வந்துவிட்டது, அஷீலுக்கு அப்போது எதுவும் வரவில்லை, கழுத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு போனான். பின்சீட்டில் அன்னிக் ஒரு முட்டையை உரிக்க ஆரம்பித்து முடிப்பதற்குள் பாரிஸ் வந்து போய்விட்டது. 4.45க்குக் கார் ஜெர்மேன் வீட்டு வாசலில் நின்றது. ஜன்னல் கதவுகள் எல்லாம் அடைத்திருந்தன. உள்ளே குறட்டை கேட்டது.

“எழுப்பட்டுமா?” என்றான் அஷீல்.

“நோட்டுல என்ன போட்டிருக்க?”

“மத்தியானம் ஒண்ணு.”

“அப்ப ஒண்ணுக்குத்தான் வரணும். நாலேமுக்காலுக்குப் போய்க் கதவ இடிக்க நாம என்ன போலீஸா?”

அஷீல் நோட்டைப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தான் எழுதிய வரியை அவன் வாழ்நாளில் மாற்றியதில்லை; அழைத்த நேரத்துக்கு முன்னால் அவன் யார் வீட்டு மணியையும் அடித்ததும் இல்லை. அக்கா வீட்டு வரிக்கு எட்டேகால் மணி நேரம் இருந்தது, அந்த எட்டேகால் மணி நேரத்தில் தாண்டிவந்துவிட்ட மரத்தையும் ஒரு முட்டையையும் தவிர ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

“அது வரைக்கும் என்ன பண்றது?” என்றான். பயணம் சம்பந்தமாக அவன் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“நேராப் போ.”

5.35க்கு, சூரியனோடு சேர்ந்து, பலவாஸ் போய்ச் சேர்ந்தார்கள். தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர். ரூபே முழுவதும் அங்கே ஏற்கெனவே வந்து நின்றது. பீர்க்கடை ஆண்கள் எல்லோரும் அவரவர் கார் பக்கத்தில், கையில் அவித்த முட்டையோடு, தங்கள் ரகசிய வழியைக் காட்டிக்கொடுத்தவன் எவன் என்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். முட்டை 9.10க்குத்தான். சாப்பிடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜில்பெர்த் கார்க் கதவின் மறைவில் நீச்சலுடையை மாட்டினாள். பதினோரு வருடத்தில் அது இறுக்கமாகிவிட்டிருந்தது, அல்லது அவள் பெருத்திருந்தாள். கொதிநீர் படாமலே சில துணிகள் சுருங்கும் என்று அன்னிக்கிடம் சொன்னாள். விலைச்சீட்டைக் கிழிக்கவில்லை. நடந்து போனாள். முழங்கால், இடுப்பு, மார்பு. அலை ஒன்று வந்து அவளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தது. இவ்வளவு தண்ணீர், எங்கு பார்த்தாலும் தண்ணீர், இதில் ஒரு சொட்டையும் அவள் துடைக்க வேண்டியதில்லை. சத்தமாகச் சிரித்தாள். கரையில் இருந்த எதிர்வீட்டுக்காரர் மரியாதையாக எழுந்து நின்றுகொண்டார்.

பன்னிரண்டு பத்துக்கு அஷீல் கரையில் நின்று, கிளம்பலாம், அக்கா காத்துக்கொண்டிருப்பாள் என்று கையசைத்துக் கூப்பிட்டான்.

“நீ போய்ட்டு வா,” என்று தண்ணீரிலிருந்தே கத்தினாள் ஜில்பெர்த். “பீன்ஸ் நரம்பை ஒழுங்காக் கிள்ளு. உங்க அக்காவுக்குப் பல்லுல மாட்டுனா ஆவாது.”

போனான். 13.00க்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தான். அந்த மூன்று வாரமும் பகலில் கூரை, பீன்ஸ். இரவுக்குக் கடற்கரையில் போட்டிருந்த கூடாரத்துக்குத் திரும்பினான். வெளுத்த முகமும் பச்சை விரல்களுமாக.

அதன்பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கல்லில் எழுதிய தூரமே சட்டப்படியான தூரம் என்று சாலைத் துறை ஒரு கடிதம் அனுப்பியது. ரூபேயின் பந்தயப் புறாக்கள், தெற்கே கூண்டைத் திறந்தவன் கையை எடுப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டதால், பந்தயம் ஒரு வருடம் நின்று, பிறகு நடந்து வரும் புறாக்களுக்கு மட்டும் என்று மாற்றப்பட்டது. ஆண்கள் இப்போதும் நான்கு மணிக்கே கிளம்புகிறார்கள். வரைபடத்தை ஜில்பெர்த் சூடான பாத்திரங்களுக்கு அடியில் வைக்கிறாள். தெற்கே வெயில் கொளுத்தும் நாட்களில் அவள் வீட்டில் என்ன சமையல் என்று பக்கத்துத் தெருக்காரிகள் விசாரிப்பார்கள்.

ஒரு தொந்தரவு மட்டும் உண்டு. ஜெர்மேன் வீடும் இப்போது ஐம்பத்திரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. ஞாயிறுதோறும் ஒன்பது மணிக்குத் தன் சின்ன வேனில் இரண்டு கூடை பீன்ஸ் ஏற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறாள். 1974இல் ஓட்டுநர் உரிமம் வாங்கிய ஜில்பெர்த்தும் அதே ஒன்பது மணிக்குக் கடலுக்குக் காரை எடுக்கிறாள். பாரிஸைத் தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில் இரண்டு வண்டிகளும் எதிரெதிரே வரும். இருவரும் ஹாரன் அடித்துக்கொள்வார்கள். மாலையில் ஜில்பெர்த் தலையில் உப்போடு திரும்பும்போது பீன்ஸ் கிள்ளி முடிந்திருக்கும், சமையலறைத் தரை துடைத்திருக்கும். அஷீலின் நோட்டில் அதற்கு நேரம் போட்டிருக்கிறது: 17.40.