எண்ணெய் டின்னுக்குள் ஐம்பத்தெட்டு டிகிரி

என் தம்பி புகழேந்தி மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். அவனைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 2007 கத்திரி வெயிலில் அவன் செய்த எண்ணெய் டின்தான்.

அவன் சிவகாசியில் தங்கச்சாமி அண்ணாச்சியின் ஆப்செட் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தான். முந்தின வருசம் சீசன் நேரத்தில் அங்கே ஒரு ஹார்ட் டிஸ்க் சூட்டில் செத்துப்போனது. முந்நூறு லேபிள் போயிற்று. இன்னொரு காப்பி எடுத்து வைக்காதது இவன் தப்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா அம்மா இல்லை. சிவகாசி பக்கம் விஸ்வநத்தத்தில் சிமெண்ட் சீட் போட்ட வீட்டில் நானும் அவனும்தான். ஆறு மாதம் வீட்டில் கிடந்தான். அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டி யோசனை வந்தது.

டிசைன்களைச் சேர்த்து வைப்பதற்கென்றே ஒரு சின்னக் கம்ப்யூட்டர். மற்ற கம்ப்யூட்டர்கள் வயர் வழியாக இதில் கொண்டுவந்து போடும், கேட்டால் எடுத்துக்கொள்ளும். உள்ளே ரெண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுகிறதையே மற்றதிலும் எழுதும். ஒன்று செத்தாலும் லேபிள் சாகாது. மதுரையில் பழைய சாமான் கடையில் கையகலக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று வாங்கி வந்தான். பெட்டிக்கு விருதுநகர் எண்ணெய்க் கடை டின். பதினைந்து கிலோ நல்லெண்ணெய் டின்னைச் சீயக்காய் போட்டு மூன்று தடவை கழுவினான். அப்படியும் டின் சூடானால் வீடு முழுக்க எள் வாசம் வந்தது.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னான். அவர் சிரித்தாராம். "கத்திரி வெயில்ல பத்து நாள் நிக்காம ஓடுச்சுன்னா டின்னைத் தூக்கிட்டு வாலே. நீயும் கூடவே வா. நின்னுச்சுன்னா அதுல எண்ணெய் ஊத்திக் குடு, வடை சுடுவோம்."

பத்து நாளும் சும்மா ஓடக்கூடாது, படங்களை எழுதிக்கொண்டும் அழித்துக்கொண்டும் இருக்கவேண்டும் என்பது பேச்சு. எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று பெட்டியே கணக்கு வைத்திருக்கும், ஏமாற்ற முடியாது. அறுபது டிகிரியைத் தொட்டால் டிஸ்க் செத்துவிடாமலிருக்க அது தானாக நின்றுவிடும்படி தம்பி செய்திருந்தான். ஆகவே அறுபதைத் தொட்டால் வேலை போயிற்று.

முதல் முறை ஓட்டிப் பார்த்தபோது ஒரு மணி நேரத்திலேயே ஐம்பத்தெட்டு. டின்னுக்குள் எட்டிப் பார்த்தேன். ரெண்டு டிஸ்க்கும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன.

"ஏலே, என்ன இப்படி ஒட்டி வச்சிருக்க? எங்க பட்டாசுக் கம்பெனில ரெண்டு ரூமை இப்படி ஒட்டிக் கட்டுனா லைசென்சே குடுக்க மாட்டாக."

"அது வெடிக்கும்க்கா. இது வெடிக்காது."

"சூடு சூடுதானேலே. தள்ளி வையி. நடுவுல காத்து போகட்டும்."

முனகிக்கொண்டே தள்ளி வைத்தான். நாற்பத்தாறுக்கு இறங்கியது. அன்றைக்குத் தம்பிக்கு வாயெல்லாம் பல். பின்பக்கம் காற்றை உள்ளே இழுக்கிற ஃபேனுக்குள் பல்லி நுழையாமல் இருக்க, பழைய கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். திங்கள்கிழமை காலை ஏழு மணிக்குக் கணக்கு தொடங்கியது. கரண்டு போனால் சமாளிக்க ஒரு யூபிஎஸ் இரவல் வாங்கியிருந்தான்.

தினமும் மதியம் ரெண்டு மணிக்குச் சூட்டைப் பார்த்துக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பான். நான் வேலை விட்டு வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். திங்கள் 46. செவ்வாய் 48. புதன் 50. வியாழன் 52. வெயில் எல்லா நாளும் ஒரே வெயில்தான். ஏன் ஏறுகிறது? ஃபேன் ஓடுகிறது, வயர் எதுவும் மறைக்கவில்லை. தூசியாக இருக்குமோ என்று டின்னுக்கும் சுவருக்கும் இடையில் டார்ச் அடித்துப் பார்த்தான். "பளபளன்னு சுத்தமா இருக்குக்கா" என்றான். வெள்ளி 53. சனி 55. ஞாயிறு 57. சாப்பிட உட்கார்ந்தாலும் கண் டின் மேலேயே இருக்கும்.

ஒன்பதாவது நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வீட்டுக்குள் நுழையும்போதே எள் வாசம் தூக்கலாக அடித்தது. தாளில் 58. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்கு நின்னுரும்க்கா. வடைதான்."

நான் தாளை மறுபடி பார்த்தேன். ஞாயிறு 57, திங்கள் 57.

"ஏலே, நேத்து மட்டும் ஏறலையே."

"அதுக்கு என்ன?"

"தெனமும் ஏறுறது ஒரு நாள் ஏறலைன்னா, முந்தின நாள் என்னமோ நடக்கலைன்னு அர்த்தம். ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுல எது நடக்கல?"

"கறி எடுக்கல."

"எருமை. நெசமாக் கேக்கேன்."

தாளை வாங்கிப் பார்த்தான். "நீ வேலைக்குப் போகல."

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் துணிக்கொடியைப் பார்த்தோம். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற ரூமில் எனக்கு வேலை. சேலைக்கு மேலே ஒரு ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வோம். வந்ததும் அதைக் கழற்றி ஒரு உதறு உதறி, மறுநாளைக்கு ஆகட்டும் என்று உள்கொடியில் போடுவேன். கொடி டின்னுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி இருந்தது.

அவன் டின்னைத் தொடவில்லை, ஓடுகிறதல்லவா. நான்தான் வளையல் இல்லாத கையைச் சுவர் ஓரமாக விட்டுக் கொசுவலையைத் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. விரலை வெளியே எடுத்ததும் நுனி வெள்ளியாக மின்னியது. மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர். வலையின் கண்ணெல்லாம் அடைத்து, டார்ச் வெளிச்சத்தில் தகரம் மாதிரியே பளபளத்திருக்கிறது. அதைத்தான் இவன் சுத்தம் என்று பார்த்திருக்கிறான்.

"அழுக்குன்னா கறுப்பா இருக்கும்னுல்ல நெனச்சேன்" என்றான்.

"இந்த ஊருல பொறந்துட்டு?"

வலையை மெதுவாகப் பிய்த்தேன். பக்கத்து வீட்டுக் கோழி உதிர்த்த இறகு ஒன்று வாசலில் கிடந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு அதால் ஓரமெல்லாம் துடைத்து எடுத்தேன். உசும்பாமல், பறக்கவிடாமல் தூசி எடுக்க மருந்து ரூமில் வேலை செய்கிற எங்களுக்குச் சொல்லித் தரவேண்டாம். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். "அம்பத்தாறு... அம்பத்து மூணு... அக்கா, அம்பது." நாற்பத்தேழில் போய் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. ஈரத்துணியில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்த என்னையே பார்த்தான்.

"இந்தப் பெட்டிக்கு ஒம்பது நாளுக்கா. நீ அந்த ரூமுல எத்தன வருசம்?"

"ஆறு."

"உன்னை எப்படிக்கா திறந்து தொடைக்கிறது?"

"போலே. மொதல்ல உன் டின்னைப் பாரு" என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வேலியில் போட்டேன்.

வியாழக்கிழமை காலை அண்ணாச்சி கார் வந்தது. டின் மேல் உள்ளங்கையை வைத்தார். "சூடே இல்லையே, ஓடுதா?" தம்பி கம்ப்யூட்டரில் ஓடிய கணக்கைக் காட்டினான். பத்து நாள், ஒரு மணி, பன்னிரண்டு நிமிடம். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை படித்தார். "சரி, டின்னோட திங்கக்கெழம வந்துரு."

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்."

"என்னலே?"

"அக்காவுக்கும் லேபிள் வெட்டுற செக்சன்ல ஒரு எடம் குடுங்க."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. கிடைத்த வேலையும் இதனால் போய்விட்டால்? "நான் கேக்கலையே அண்ணாச்சி, இவன் கிறுக்கன்" என்றேன்.

அவர் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "டின்னு வருது, நீயும் வாரே, அக்காளுமா? வீட்டையே பேத்துட்டு வாரியாலே?"

தம்பி நகரவில்லை. "டிஸ்க்கைத் தள்ளி வைக்கச் சொன்னது அக்கா. வலைல அலுமினியம் அடைச்சதைக் கண்டுபிடிச்சதும் அக்கா. நான் பாத்துட்டு சுத்தம்னு சொன்னவன். உங்களுக்குக் கண்ணு இருக்கிற ஆளு வேணுமா, என்னை மாதிரி ஆளு வேணுமா?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நீ என்ன தாயி சொல்றே?"

மருந்து ரூமில் கூலி கொஞ்சம் கூடுதல். அதை நினைத்தேன். பிறகு விரல் நுனியை நினைத்தேன். "சனிக்கிழம வரைக்கும் ஒரு ஆர்டர் கெடக்கு. பாதில விட்டுட்டு வரமுடியாது. முடிச்சுட்டு வாரேன் அண்ணாச்சி."

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது தம்பி என் பழைய தாவணியைக் கிழித்து நான்காக மடித்து நீட்டினான். அதை மூக்கில் கட்டிக்கொண்டு ரூமுக்குள் போனேன். "என்னடி பேச்சி, கொள்ளையடிக்கப் போறியா" என்று எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்காரும் சொர்ணலட்சுமி மட்டும், எதுக்கு என்று கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில் தாவணியை அவிழ்த்து, வெள்ளியாக மின்னிய மேல் மடிப்பைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

சனிக்கிழமை அவளும் கட்டிக்கொண்டு வந்தாள்.