வரிசையின் கடைசிக் கார்

பனிமலைச் சாலையின் தடுப்புக் கம்பத்தருகே மஞ்சள் மேல்சட்டைக்காரர் ஒவ்வொரு காராகக் குனிந்து பேசிக்கொண்டே வந்தார். கடைசியாக டோருனின் மின்சாரக் காரின் கண்ணாடியைத் தட்டினார்.

"சார்ஜ் போதுமாம்மா? மேல ஏறிட்டா நடுவுல திரும்ப முடியாது. எல்லாரும் ஒரே வரிசையாத்தான் போகணும். முன்னாடி பனி வாரும் வண்டி போகும், பின்னாடி எங்க காவல் வண்டி வரும். என்ன ஆனாலும் நீங்களா காரை விட்டு இறங்கக் கூடாது."

டோருன் திரையைப் பார்த்தாள். நாற்பத்தொரு சதவீதம். மலைமேட்டைத் தாண்ட அதில் பாதி போதும் என்று கணக்கும் போட்டிருந்தாள்.

"போதும்," என்றாள்.

கீழே சார்ஜ் போடும் இடத்தில் ஈஸ்டர் விடுமுறை முடிந்து திரும்புகிறவர்களின் கூட்டம். அங்கே காத்திருந்தால் இந்த வரிசையைத் தவறவிட்டிருப்பார்கள். காற்று வலுத்தால் சாலையை மூடிவிடுவார்கள், அடுத்த வரிசை நாளைக்கோ, அதற்கு மறுநாளோ. மின்சாரமில்லாத மரவீட்டில் கணவன் எய்விண்டின் இரண்டு அண்ணன்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் விடுமுறை முழுவதும் இருந்தாயிற்று. பெர்கனில் தன் சொந்தக் கட்டிலில் இன்றிரவு படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

கார் அத்தனை நாளும் பனிச்சறுக்குப் பாதை தொடங்கும் இடத்தில் வெட்டவெளியில் நின்றிருந்தது. பேட்டரி உள்ளுக்குள் கல்லாய் உறைந்திருக்கும், அப்படியானால் சார்ஜ் சீக்கிரம் தீரும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. கிளம்புமுன் சூடேற்றினால் இருக்கிற சார்ஜும் போகுமே என்று விட்டுவிட்டாள்.

ஏற்றம் தொடங்கியதும் எண் இறங்க ஆரம்பித்தது. முப்பத்தைந்து. முப்பது. எதிர்க்காற்று காரைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளியது. முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்குகள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. அவற்றைத் தவிர வானமும் சாலையும் பள்ளமும் எல்லாம் ஒரே வெள்ளை.

பின் இருக்கையில் எய்விண்ட் ஐந்து மாதக் குழந்தை சுன்னிவாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன, மேடம் வாயே திறக்க மாட்டேங்கறீங்க? எங்க அண்ணன் பாட்டுப் பாடினதை இன்னும் மறக்கலையா?"

"ரோட்டைப் பாக்க விடு."

"ரோடு எங்க இருக்கு, பாக்கறதுக்கு? இந்தா, ஒரு சுளை."

வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் பார்க்காத நேரமாக ஹீட்டரை இரண்டு படி குறைத்தாள். இருபத்து மூன்று.

மேட்டின் உச்சியில் வரிசை நின்றது. முன்னால் எங்கோ பனி மலைபோல் குவிந்து, வாரும் வண்டி அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நின்றுவிட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்று டோருன் ஒரு கணம் மூச்சு விட்டாள். ஆனால் நின்ற காரிலும் எண் இறங்கியது. பத்தொன்பது. அப்புறம் இடையில் எதையும் காட்டாமல் நேராகப் பதினான்கு.

திரை பொய் சொல்கிறதா, இதுவரை சொன்னதுதான் பொய்யா?

ஹீட்டரை அணைத்தாள்.

"டோருன், குளுருது. என்ன பண்றே?"

"கண்ணாடியில ஆவி படியுது. கொஞ்ச நேரம்தான்."

"ஹீட்டரை நிறுத்தினா ஆவி கூடத்தானே படியும்?" அவன் முன்னால் சாய்ந்தான். "எவ்வளவு இருக்கு?"

அவள் திரையைக் கையால் மறைத்துக்கொண்டாள். மறைத்த பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று புரிந்தது. கையை எடுத்தாள். ஒன்பது.

காற்று காரை ஆட்டியது. கண்ணாடிகளின் உட்பக்கத்தில் அவர்கள் மூச்சே பனியாக வெளுத்தது.

"கேட்டப்போ நான்தான் போதும்னு சொன்னேன்," என்றாள் டோருன். "சந்தேகமாத்தான் இருந்தது. அத்தனை பேர் பாத்துக்கிட்டு நிக்கறப்போ, திருப்பிக்கறேன்னு சொல்ல வாய் வரலை."

"எனக்கு மட்டும் வந்திருக்குமா? உன் இடத்துல இருந்தா நானும் தலையாட்டியிருப்பேன்." அவன் ஏற்கெனவே தன் கோட்டின் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். "திட்டறதை வீட்டுல வச்சுக்கறேன். பெரிய லிஸ்ட் இருக்கு. இப்ப குழந்தையை எடுத்து உள்ளே வச்சுக்கறேன்."

சுன்னிவாவை இருக்கையிலிருந்து எடுத்து, தன் கம்பளிச் சட்டைக்குள் நெஞ்சோடு நெஞ்சாகப் புதைத்துக்கொண்டான். அவள் சிணுங்கினாள். சிணுங்கல் மெல்லத் தேய்ந்து நின்றது.

"தூங்கறாளா?" என்றாள் டோருன்.

"தூங்கறா."

"தூங்கறாளா, இல்ல..."

"தூங்கறாடி. ஆனா காலு ரொம்பச் சில்லுனு இருக்கு."

அவ்வளவுதான் டோருனுக்கு. எச்சரிக்கை விளக்கின் பொத்தானை நோக்கிக் கை போனது. அழுத்தினால் பின்னால் இருக்கும் காவல் வண்டி வரும். வயர்லெஸ்ஸில் செய்தி போகும். இவர்களுக்காக வரிசை மொத்தமும் காத்து நிற்கும். பிறருக்குத் தொல்லை கொடுக்காதே என்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த கை, பொத்தான்மேல் ஒரு நொடி தயங்கியது. பிறகு அழுத்தியது.

விளக்குகள் மினுங்கின. பின்கண்ணாடியில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அந்த வண்டி பின்னால் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. ஹாரனையும் அழுத்திப் பார்த்தாள். காற்று அந்த ஒலியை வாங்கி விழுங்கியது. ஆறு. பிறகு நான்கு.

கதவை யாரோ வெளியிலிருந்து பிடித்து இழுத்தபோது அவளுக்கு உயிர் போய் வந்தது. குல்லாயும் கறுப்புக் கண்ணாடியும் பனியுமாக ஒரு முகம்.

"குன்வோர்," என்றது முகம், தன்னை அறிமுகம் செய்துகொள்ள இதுவே நல்ல இடம் என்பதுபோல். ஐம்பது வயதுப் பெண் குரல். "சார்ஜ்தானே? விளக்கு மினுங்கறப்பவே நினைச்சேன். எத்தனை பேரும்மா உள்ளே?"

"ரெண்டு பேர். குழந்தை ஒண்ணு."

குன்வோரின் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. "குழந்தையை அம்மாகிட்ட குடுங்க. என் வண்டியில ஒரு சீட்டுதான். ஐயா பின்னாடி மண்வெட்டியோட மடங்கிக்கணும். என் பெல்டைப் பிடிச்சுக்கங்க. விட்டீங்கன்னா எங்க தேடறதுன்னு எனக்கே தெரியாது."

எய்விண்டின் சட்டைக்குள்ளிருந்து டோருனின் சட்டைக்குள் குழந்தை மாறியது. இறங்கியதும் காற்று அவள் மூச்சைப் பிடுங்கிக்கொண்டது. கண் திறக்க முடியவில்லை. ஒரு கை பெல்டில். மறு கை நெஞ்சின்மேல். பின்னால் எய்விண்ட் அவள் கோட்டைப் பற்றியிருந்தான். காவல் வண்டி ஒரு கார் தூரத்தில்தான் நின்றது என்று பிறகு சொன்னார்கள். அவளுக்கோ அது முடியவே முடியாத நடை. ஒருமுறை ஒரு கால் முழங்கால் வரை பனியில் இறங்கியது. விழவில்லை. நெஞ்சுக்குள் எதுவும் அசையவில்லை. அசையடி, அசையடி என்று உதடு மட்டும் சொல்லிக்கொண்டே வந்தது.

வண்டிக்குள் அனல் காற்று முகத்தில் அடித்தது. டோருன் பித்தான்களைப் பிய்த்தாள். சுன்னிவாவின் உதடு வெளுத்திருந்தது, கண் மூடியிருந்தது.

"காலை உங்க கையில வச்சு மூடுங்க. தேய்க்காதீங்க, சும்மா மூடுங்க," என்றாள் குன்வோர். ஒரு கையால் வயர்லெஸ்ஸை எடுத்தாள். "கடைசிக் காரை விட்டுட்டு வரேன். ஆளுங்க என்கூட. ஆமா, குழந்தையும்."

மண்வெட்டிகளுக்கு நடுவிலிருந்து எய்விண்டின் கை வந்து டோருனின் தோளில் அழுந்தியது.

சுன்னிவா முகத்தைச் சுளித்தாள். வாய் கோணியது. பிறகு வண்டியே அதிரும்படி வீறிட்டாள்.

"கத்தட்டும்," என்றாள் குன்வோர். "இந்தச் சத்தத்துக்கு நான் சம்பளமே இல்லாம வண்டி ஓட்டுவேன்."

எய்விண்ட் சிரித்தான், அல்லது அழுதான். டோருன் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை பாலுக்கு வாய் வைத்து அமைதியான பிறகும், வரிசை நகர்ந்து மேடு இறங்கத் தொடங்கிய பிறகும், அவள் உள்ளங்கை அந்தச் சின்னப் பாதங்களை மூடியபடியே இருந்தது. சூடு வந்துவிட்டது என்று தெரிந்தும், எடுக்கத் துணிவு வரவில்லை.