ஹாம்பர்க் போன நன்னாரி

தாமோதரன் நன்னாரி சர்பத் பாட்டிலில் தாமோதரனின் படம்தான் இருக்கும். முறுக்கிவிட்ட மீசை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, கீழே சிவப்பு எழுத்தில் ‘உடல் சூட்டைத் தணிக்கும்’ என்ற வாசகம். செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் வரை அந்த மீசையைத் தெரியாத பெட்டிக்கடை கிடையாது. 2001 கடைசியில் இருநூறு பெட்டிகள் அதே படத்தோடும் அதே வாசகத்தோடும் ஜெர்மனிக்குக் கப்பலேறின. ஹாம்பர்க் துறைமுகத்தில் அவற்றை வெளியே விட மறுத்துவிட்டார்கள்.

காரணத்தை ஃபேக்ஸில் படித்துச் சொன்னவள் ரெபேக்காள். செங்கல்பட்டில் பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்துவிட்டு, படாளத்தில் இருந்த தாமோதரனின் கம்பெனிக்குக் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்க வந்தவள். சூட்டைத் தணிக்கும் என்ற வாசகத்தை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததும் அவள்தான். அங்கே அதைப் படித்த அதிகாரிகள் காய்ச்சல் மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். மருந்தென்றால் அதற்கான சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள்.

“நான் ஒரு வார்த்தகூட மாத்தாமத்தான் சார் எழுதினேன்,” என்றாள் ரெபேக்காள்.

“அப்பறம் இன்னாம்மா பேஜாரு அவனுங்களுக்கு?” என்றார் தாமோதரன்.

வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தியவளுக்கு, தன்னுடைய ஒரு வரி இப்படி முட்டிக்கொண்டு நின்றது அவமானமாக இருந்தது.

சரக்கை வரவழைத்த ஹெல்கா என்ற அம்மாள், பிப்ரவரியில் விடுமுறைக்கு மாமல்லபுரம் வருவதாகவும், அரை மணி நேரம் ஒதுக்க முடியும் என்றும் எழுதியிருந்தாள். இத்தோடு போதும் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்பது கடிதத்தின் பணிவிலேயே தெரிந்தது. இருந்தாலும் தாமோதரன் கம்பெனி வேனை எடுத்தார். ஐஸ் பெட்டி, எலுமிச்சம்பழம், நான்கு பாட்டில் சர்பத்தோடு ரெபேக்காளும் ஏறிக்கொண்டாள்.

கடலோர ஓட்டலில், சவுக்கு மர நிழலில் ஹெல்கா உட்கார்ந்திருந்தாள். அறுபது வயதிருக்கும். தாமோதரன் தன் கையாலேயே சர்பத் கலந்து கொடுத்தார். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டாள். தாமோதரனின் முகம் மலர்ந்தது. அது அதிக நேரம் நீடிக்கவில்லை.

“இந்த வெயிலில் அமிர்தமாக இருக்கிறது,” என்று ஹெல்கா இங்கிலீஷில் சொன்னாள். “ஆனால் எங்கள் ஊரில் பாதி வருஷம் குளிர். உடம்பைக் குளிர்விக்கும் பானம் என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? அதோடு, பாட்டிலில் இருப்பவர் யார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். டாக்டரா, போலீஸா?”

ரெபேக்காள் அதை மொழிபெயர்க்கவில்லை. ஹெல்கா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்தாள். தற்காத்துப் பேச வேண்டிய நேரமில்லை இது என்று பட்டது.

“அந்தக் குளிரில் நீங்கள் என்ன குடிப்பீர்கள்?” என்று கேட்டாள்.

ஹெல்காவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது போலும். நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். டிசம்பரில் தெருவெல்லாம் சந்தை போடுவார்களாம். உறைபனியில் நின்றுகொண்டே சூடான ஒயினைக் குடிப்பார்களாம். பிள்ளைகளுக்கும் ஒயின் வேண்டாதவர்களுக்கும் சூடாக்கின ஆப்பிள் சாறுதானாம். வருஷா வருஷம் அதேதான் என்று அலுத்துக்கொண்டாள்.

ரெபேக்காள் எழுந்து நேரே ஓட்டல் சமையற்கட்டுக்குப் போனாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், நாலு கிராம்பு, ஒரு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

“இன்னா பண்றம்மா?” தாமோதரன் குரலைத் தாழ்த்தினார். “நன்னாரிய எவனாச்சும் சூடா குடிப்பானா? ஊருல சிரிப்பாங்க.”

“ஊருக்கு இல்ல சார் இது.”

கோப்பையிலிருந்து ஆவி எழுந்தது. ஹெல்கா குடிக்கவில்லை. மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு தன் மொழியில் ஏதோ சொன்னாள். என்னவென்று ரெபேக்காள் விடாமல் கேட்டாள். மழை விட்ட பிறகு காட்டுக்குள் நடந்தால் வரும் வாசனை, மண்ணும் வேருமாக, என்றாள் ஹெல்கா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் குடும்பம் குடும்பமாகக் காட்டில் நடப்பது அவர்கள் ஊர் வழக்கம்.

அரை மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. புது லேபிளோடு ஐம்பது பெட்டி அனுப்புங்கள், டிசம்பரில் பார்க்கலாம் என்று ஹெல்கா கைகொடுத்தாள்.

திரும்பும் வழியில் பூஞ்சேரியில் டீ குடிக்க வேனை நிறுத்தினார் தாமோதரன்.

“என் மூஞ்சி இன்னாம்மா பண்ணுச்சு அவங்கள? நீ சொல்லலன்னா எனக்குப் புரியாதா? பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பாத்துச்சு அந்தம்மா.”

ரெபேக்காள் டீயைக் கீழே வைத்தாள். “சார், நம்ம பக்கம் உங்கள எல்லாருக்கும் தெரியும். நீங்க சொன்னா நம்புறாங்க. அங்க உங்கள யாருக்கும் தெரியாது. தெரியாத ஆளு எதுர நின்னுகினு உன் ஒடம்பு சூடுன்னு சொன்னா, நீங்களே கேப்பீங்களா? அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்.”

“அப்ப இன்னா போடுவ?”

“வேர. வெறும் வேர்தான்.”

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். “மூஞ்சிய எடுத்துடு. பேர மட்டும் எடுக்காத. நன்னாரின்னு அவன் வாயால சொல்லணும்.”

“அத நானும் வுடமாட்டேன் சார்.”

லேபிளை அவள் பதினோரு தடவை எழுதினாள். ஒவ்வொன்றையும் ஹெல்காவுக்கு ஃபேக்ஸ் செய்து, படித்ததும் மனதில் என்ன தோன்றுகிறது என்று மட்டும் கேட்டாள். பழங்காலம், மந்திரம், யானை, கோயில் என்று பதில் வந்ததையெல்லாம் கிழித்தாள். கடைசியில் நின்றது நான்கே வரி: வெயில் காயும் மண்ணுக்கடியில் மெதுவாக விளையும் ஒரு வேர், அதைக் கையால் தோண்டி எடுப்பவர்கள், கொதிக்கும் நீரில் இரண்டு ஸ்பூன், குளிர்ந்த கைகளுக்கு ஒரு கோப்பை. சூடு, தணிப்பு, உடம்பு என்ற பேச்சே அதில் இல்லை. படாளத்தில் விற்கும் பாட்டிலில் மீசை அப்படியேதான் இருந்தது.

ஐம்பது பெட்டிகளும் டிசம்பர் பன்னிரண்டாம் தேதிக்குள் தீர்ந்துபோயின. ஹெல்கா அனுப்பிய படத்தில், கம்பளித் தொப்பி போட்ட பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். கடைப் பலகையில் சுண்ணக்கட்டியால் நன்னாரி என்று அவர்கள் எழுத்தில் எழுதியிருந்தது. தாமோதரன் அந்தப் படத்தைத் தொழிற்சாலை முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார். பாகு காய்ச்சும் செங்கல்வராயன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்துவிட்டு, கூடவே வந்த ரெபேக்காளிடம் கேட்டார்.

“டீச்சரம்மா, பனியில நின்னுகினு நம்ம சரக்கையா குடிக்குதுங்க?”

“ஆமாண்ணே, நீங்க காய்ச்சினதுதான்.”

அடுத்த வருஷம் அக்டோபரில் பெட்டிகளாக அல்ல, முழு கன்டெய்னராகக் கேட்டார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கம்பெனித் தெருவுக்குள் கன்டெய்னர் லாரி திரும்பவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. தாழ்வாகத் தொங்கிய கேபிள் டிவி வயரை இரண்டு பேர் கம்பால் தூக்கிப் பிடித்தார்கள். தாமோதரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “வா, வா, லெப்டுல ஒடி,” என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட வந்து கை கொடுத்தார்கள்.

சாயங்காலம் கடைசிப் பெட்டி ஏறியதும் கதவுகளைச் சாத்தி, சுங்க அதிகாரி சரிபார்த்துக் கொடுத்த உலோக ‘சீல்’ பூட்டைத் தாமோதரனிடம் நீட்டினார்கள். அவர் அதை வாங்கி ரெபேக்காளிடம் கொடுத்தார்.

“நீ போடு.”

அவள் அதைக் கதவின் கொக்கியில் நுழைத்து, பூட்டிக்கொள்ளும்வரை இரண்டு கையாலும் அழுத்தினாள்.