புகைவீடு நிறுத்தம்

மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கிய நான்காம் நாள் காலை ஏழே காலுக்கு, நாற்பத்தொரு பழைய டீசல் பேருந்துகளின் புகைகளும் ‘சரி சார்’ வீட்டு வாசலில் வந்து நின்றன. தடம் எண் வரிசைப்படிதான் நின்றன, முண்டியடிக்கவில்லை. பன்னிரண்டாம் எண்ணின் புகை மட்டும் வழக்கம்போல் தாமதமாக வந்து கடைசியில் சேர்ந்துகொண்டது. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். யார், எங்கிருந்து என்றெல்லாம் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கதவின் இரண்டாவது பாதியையும் திறந்துவிட்டார்.

அவர் பேருந்துப் பணிமனையில் புகைப் பரிசோதகராக இருந்து போன ஆண்டு ஓய்வு பெற்றவர். படிவத்தில் ‘சரி’ என்பதைத் தவிர வேறு சொல் எழுதாதவர் என்பதால் அந்தப் பெயர். ஆரம்பத்தில் அப்படி இல்லை. முதல் ஆண்டு ஒன்பது வண்டிகளை நிறுத்திவைத்தார். ஒன்பது தடங்களிலும் வேலைக்குப் போகிறவர்கள் வெயிலில் நின்று அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள். மேலாளரும் தன் பங்குக்குக் காய்ச்சி எடுத்தார். அடுத்த ஆண்டிலிருந்து அவர் புகை அளக்கும் கருவியின் குழலைப் பேருந்துகளுக்குப் பதில் மேலாளரின் புது ஜீப்புக்குப் பின்னால் நாற்பத்தொரு முறை செருகி, வந்த எண்ணைச் சந்தேகம் வராதபடி கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி எழுதினார். இப்படிப் பத்தொன்பது ஆண்டுகள். இதற்காக யாரும் அவருக்கு ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை. வெறும் திட்டுக்குப் பயந்து செய்த காரியம். அதை நினைத்தால்தான் அவருக்கு உடம்பு கூசியது.

வீடு மேட்டுச் சாலையில், நிறுத்தத்துக்கு நேர் எதிரே. மேடேற முடியாமல் வண்டிகள் உறுமிக் கக்கியதெல்லாம் ஜன்னல் வழியே உள்ளே வந்தது. மகளுக்கு ஐந்து வயதில் இளைப்பு கண்டது. வீட்டில் புகை ஏதும் உண்டா என்று டாக்டர் கேட்டபோது, மனைவி தன் மண்ணெண்ணெய் அடுப்பைச் சொன்னாள். பக்கத்தில் இருந்த ‘சரி சார்’ தொண்டைவரை வந்ததை மென்று விழுங்கினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றே அடுப்பைக் கொல்லைக்குத் தூக்கிப்போனவள் மழையில் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு சமைத்தாள். பின்னால் கேஸ் வந்தது, அதையும் அவள் வீட்டுக்குள் விடவில்லை. மகளுக்கு மூச்சு முட்டும் ஒவ்வொரு முறையும் தன் கைகளைத்தான் பார்த்துக்கொள்வாள். அதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

புகைகள் அந்தக் காலிச் சமையலறையில் குடியேறின. மகள் குறுக்கே நடந்துபோனாலும் ஒரு செருமல் வரவில்லை. அவர் ஒருவருக்கு மட்டும் கண் எரிந்தது. தெரு கூடி வேடிக்கை பார்த்து, பிறகு மனுப் போட்டது. நகராட்சியிலிருந்து புதிய பரிசோதகர் வந்தார், மரியாதையான மனிதர். உள்ளே விட்டால் கருவி கெட்டுவிடும் என்று குழலை அடுத்த வீட்டுக் கூடத்தில் வைத்து அளந்து ‘சரி’ என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் ‘சமையல்’ என்று நிரப்பி, கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார். ‘சரி சார்’ பேனாவை வாங்கினார். இரண்டு எழுத்துக்கு மேல் கை ஓடவில்லை. படிவத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, கொல்லையில் சமைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் போனார்.

“அடுப்பு இல்ல. வண்டிங்கதான். ஓடவிட்டது நான். எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார்.

உலை கொதித்து அடங்கும்வரை அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“டாக்டர்கிட்ட நான் சொன்னப்ப, நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?”

ஆமாம் என்றார். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக எதற்குப் பயந்தாரோ அதற்காக அன்று ஏங்கி நின்றார். அவள் அடுப்பை அணைத்தாள், இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போய், உள்ளே பார்த்து, “கொஞ்சம் வெளியே இருங்க” என்றாள். நாற்பத்தொரு புகைகளும் ஒதுங்கிக் கொல்லைக்கு வந்தன. அவரும் அவற்றோடு அங்கேயே நின்றுகொண்டார்.

அதன்பின் ஆறு மழைக்காலம் போய்விட்டது. சமையலறைக்கு வெள்ளையடித்தாயிற்று. மகள் மருந்துக் குழலை எங்கே வைத்தோம் என்பதையே மறந்துவிட்டாள். கொல்லையில் தென்னை உயரத்துக்குப் புகை நிற்கிறது, அடியில் அவருடைய நாற்காலி. வேளை தவறாமல் தட்டு வருகிறது, கொண்டுவருபவள் பேசுவதில்லை. புதுப் பேருந்துகள் ஓசையில்லாமல் மேடேறுவதால் தூங்கும் பயணிகளுக்கு அடையாளம் வேண்டியிருக்கிறது. நடத்துநர்கள் புகையைப் பார்த்து, “புகைவீடு இறங்கு” என்று கூவுகிறார்கள். நாளுக்கு நூற்றுப்பத்து முறை. ஒவ்வொரு முறையும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, வண்டி போகும்வரை திட்டு வாங்குகிறவரைப்போல் நின்றுவிட்டு உட்காருகிறார்.